எரு வண்டியில் ஓர் ஆசிரியர்

1958ஆம் ஆண்டு, அமெரிக்கச் சுதந்திர நாள் ஊர்வலம். நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றி வந்த புத்தகத்துக்கு மதிப்புரை வழங்கினார்கள். புத்தகத்தின் அட்டையைப் பெரிதாக வரைந்து முன்னால் கொண்டுபோனார்கள். பின்னால் கார்களில் முகமூடி அணிந்த ஆட்கள்; புத்தகம் அவரவருக்குச் சூட்டியிருந்த புனைபெயர்கள் கார்களில் எழுதப்பட்டிருந்தன. கடைசியில் சாணி எரு நிரம்பிய வண்டி. அந்த எருவின் மேல் குனிந்தபடி ஒரு பொம்மை. அதுதான் ஆசிரியர்.

ஆர்தர் விடிச், ஜோசப் பென்ஸ்மன் இருவரும் எழுதிய சமூகவியல் நூல் அது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வுக்காக விடிச் அந்த ஊரிலேயே குடியிருந்து பழகியவர். சொந்தக் காலில் நிற்கிறோம், இங்கே எல்லோரும் சமம் என்று நம்பிக்கொண்டிருந்த ஊர் அது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் திரைமறைவில் ஊரை நடத்துகிறார்கள், முக்கியமான முடிவுகள் வெளியே எங்கோ எடுக்கப்படுகின்றன என்று நூல் எழுதியது. யாரையும் அடையாளம் காட்ட மாட்டோம் என்று ஆய்வுக் குழு முன்பே வாக்குக் கொடுத்திருந்தது. பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? பெரிய நகரத்தில் வேண்டுமானால் மறையலாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் அது விடுகதை மாதிரி; முதல் பக்கம் தாண்டுவதற்குள் விடை தெரிந்துவிடும்.

அயர்லாந்தில் இதைவிடக் கசப்பான கதை ஒன்று உண்டு. நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்ற மானுடவியலாளர் 1970களின் நடுவில் கெர்ரி பகுதிக் கிராமம் ஒன்றில் குடும்பத்தோடு வந்து தங்கினார். நிலத்தையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்தப்பட்ட மகன்கள், திருமணமாகாத ஆண்கள், மனநோய் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் 1979இல் வந்தது. கல்வி உலகம் விருது கொடுத்தது. கிராமம் மறக்கவில்லை. 1999இல் பழைய நட்பை எண்ணித் திரும்பிப் போனவரை ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பிறகு வந்த விரிவான பதிப்பில் ஊராரின் மனக்குறைகளை அவரே பதிவு செய்தார். எங்கள் பலவீனத்தை எழுதினாயே, பலத்தை எங்கே எழுதினாய் என்பது அவற்றில் ஒன்று. அடுப்போரம் முணுமுணுப்பது வேறு, அதையே அச்சில் பார்ப்பது வேறு என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது குறையில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதியது பொய் என்று மட்டும் இந்த ஊர்க்காரர்கள் கோபப்படவில்லை. தங்களுக்குள் தெரிந்திருந்ததையே வெளியாள் ஒருவர் சொன்னதுதான் அதிகம் வலித்தது. அந்த வெளியாளை உள்ளே விட்டதும் அவர்களே. ஆய்வாளர் என்பதற்காகவா வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்? பிள்ளைகள் தெருவில் சேர்ந்து விளையாடுகிறார்கள், தேவாலயத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், அதனால் நம்மவர் என்று நினைத்துப் பேசினார்கள். பேசியது பக்கத்து வீட்டுக்காரரிடம், எழுதியது பார்வையாளர். ஒரே ஆள் இரண்டாகவும் இருந்ததை ஊர் புத்தகத்தில்தான் கண்டுபிடித்தது. (எழுத்துத் தொழிலில் இருக்கும் எவருக்கும் அந்த எரு வண்டியில் ஒரு மூலை உண்டு. எனக்கும்தான்.)

அதற்காக எல்லாப் பார்வையாளரும் துரோகி என்று ஆகிவிடாது. ஊருக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லத் துணியாததை வெளியிலிருந்து வந்தவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விடிச்சின் நூல் இன்றும் சமூகவியலில் மதிக்கப்படுகிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. அந்த விலையில் பாதியை, கேட்காமலேயே, ஊரின் தலையில் கட்டிவிடுகிறோம் என்பதுதான் நெருடுகிறது.

புத்தகம் எழுதாத பார்வையாளர்களும் இந்த விலையைச் சில்லறையாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் உண்டு. கல்யாணத்துக்கு வருவார். சாம்பார் வாளியைத் தூக்க மாட்டார், சீர்வரிசைச் சண்டையில் எந்தப் பக்கமும் சேர மாட்டார். பட்டும் படாமலும் ஓர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கவனிப்பார். வீடு திரும்பியதும் மனைவியிடம் அழகாக, சிரிக்கச் சிரிக்க விவரிப்பார். பெரும்பாலும் சரியாகவே கணித்திருப்பார். பந்தியில் இலைக்கு இலை ஓடியவர்களும் அவரைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது மட்டும் அவருடைய கணிப்பில் வராது. அடுத்த கல்யாணத்துக்கும் பத்திரிகை வரும், மஞ்சள் தடவி, மரியாதையாக. பெண் வீட்டில் என்ன மனக்கசப்பு, மாமா ஏன் வரவில்லை என்பதையெல்லாம் அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "எல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்க" என்பார்கள்.