தர்மம் வேறு, நீதி வேறு



2023-ம் ஆண்டு நவம்பர் 30 முதல் டிசம்பர் 13 வரை துபாய் நகரில் உலக நாடுகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். பூமியின் தட்பவெப்பம் கெட்டுவருவதால் ஏழை நாடுகள் அடையும் நஷ்டத்துக்கு யார் ஈடு கொடுப்பது என்பது அங்கே பெரிய விவாதம். அதற்கான நிதி ஒன்றை முதல் நாளிலேயே தொடங்கிவைத்தார்கள்.

அதே நாட்களில் நம் எண்ணூரில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளிவந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் பரவிற்று. வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்பாய் ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள்.

இது முதல் தடவையுமல்ல. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளியால்தான் அள்ளப்பட்டது. அப்போது கறைபடாத மீனையும் வாங்க ஆளில்லாமற் போயிற்று.

துபாயில் எழுந்த கேள்வியும் எண்ணூரில் எழுந்த கேள்வியும் ஒன்றே: ஒருவருடைய லாபத்தினால் வந்த கேட்டை இன்னொருவர் ஏன் சுமக்கவேண்டும்?

2023-ல் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. பசித்த வீட்டுக்கு அது உதவிதான். ஆனால் நிவாரணம் ஈடாகுமா? அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தில் வரும் சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான், அது தர்மம். அதோடு அவன் நிற்கவில்லை. தான் வஞ்சித்தவர்களுக்கு நாலு மடங்கு திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னான், அது நீதி. திருடினதைத் திரும்பக் கொடுக்க மனதில்லாதவனுக்குப் பாவசங்கீர்த்தனம் பலிக்காது என்று ஞானோபதேசம் படிக்கும் சிறு பிள்ளையும் சொல்லுமே!

1891-ல் 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளரைக் குறித்து எழுதிய நிருபத்தில், நியாயமான கூலி முதலாளி போடும் பிச்சையல்ல, அவர் செலுத்தவேண்டிய கடன் என்று போதித்தார். அந்த நிருபத்தை நினைத்தே இப்போதைய பாப்பரசர் 2025-ல் 14-ம் சிங்கராயர், அதாவது லியோ, என்ற பெயரைத் தரித்துக்கொண்டார். நம் தேசத்தின் சட்டமும் இதற்கு விரோதமல்ல. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் உறுதிப்படுத்திற்று.

ஆகையால் பங்குக் குடும்பங்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, அண்ணன் ஆலையில் ஒப்பந்தக் கூலி, தம்பி கடலில் என்றிருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. இருவரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். பிழைப்பைக் காட்டி அவர்களைப் பிரிக்க யாருக்கும் இடங்கொடாதீர்கள்.

இரண்டாவது, நஷ்டம் வந்த தேதி, கெட்டுப்போன வலை, தொழிலுக்குப் போகாத நாட்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகியவற்றை எழுதி, பத்திரப்படுத்தி வையுங்கள். வாயால் சொன்ன நஷ்டம் காற்றோடு போகும்.

மூன்றாவது, பட்டியலெழுதும்போது நஷ்டப்படாதவன் பெயரைச் சேர்க்காதீர்கள், அதுவும் களவுதான். சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்ணுக்கும், கூடை சுமக்கும் விதவைக்கும் படகுமில்லை, வலையுமில்லை. நஷ்டம் மாத்திரம் உண்டு. அவர்களுடைய பெயரை முதலில் எழுதுங்கள்.

பெரிய தேசங்களிடமும் பெரிய ஆலைகளிடமும் நாம் கேட்கிற நீதி, முதலில் நம்முடைய தெருவில் காணப்படட்டும். அப்போது நம் குரலுக்கு மதிப்பு உண்டாகும்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு