உவமை சான்றாகுமா?

மலையில் நெருப்பு இருக்கிறது; புகை இருப்பதால்; அடுக்களையைப் போல. இந்தியத் தருக்க நூல்கள் சலிக்காமல் எடுத்தாளும் வாதம் இது. கடைசியில் வரும் அடுக்களை இல்லாவிட்டால் முன்னிரண்டும் வெறும் கூற்றாக நின்றுவிடும். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைக் கேட்பவர் தம் வீட்டிலேயே பார்த்திருக்கிறார். வாதி அவரிடம் புதிதாக எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மலைக்கும் நீட்டச் சொல்கிறார். சமய வாதத்தில் உவமைக்கு வலிமை வருவது இந்த வழியாகத்தான். கடவுள், உயிர், வீடுபேறு எதுவும் கண்ணுக்கு எட்டாது. எட்டிய ஒன்றைக் காட்டித்தான் அவற்றைப் பேசியாக வேண்டும். அப்படிக் காட்டுவது சான்றா, விளக்கம் மட்டும்தானா என்பதே கேள்வி.

மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதை விரிவாகவே எடுத்துக்கொள்கிறார். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்ற மூன்றும் வாதத்துக்குப் போதும். நியாய மரபு கூட்டிச் சொல்லும் உபநயமும் (பொருத்திக் காட்டல்) நிகமனமும் (முடிவு) திட்டாந்தத்துக்குள் அடங்கிவிடும் என்பது அவர் முடிவு. எடுத்துக்காட்டுக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர், அது பிழைபடும் வழிகளையும் விடவில்லை. திட்டாந்தப் போலி இரு வகை, வகைக்கு ஐந்து. ஒன்றைப் பார்க்கலாம்: ஒலி அழியாதது, உருவமற்றது என்பதால், பரமாணுவைப் போல. பரமாணு அழியாதது என்பதை வாதிடும் இருவரும் ஏற்கலாம். ஆனால் அதற்கு உருவம் உண்டு. முடிவுக்குப் பொருந்திய எடுத்துக்காட்டு, காரணத்துக்குப் பொருந்தாமல் போயிற்று. காதுக்கு இதமாக இருப்பதால் இத்தகைய வாதம் எளிதில் தப்பிவிடும். காப்பியத்துக்குள் இப்படியொரு தருக்கப் பாடமா என்று சலித்துக்கொள்கிற வாசகர்கள் உண்டு. ஆனால் மணிமேகலை துறவுக்கு முன் பல சமயவாதிகளின் வாயிலிருந்தும் உவமைகளைக் கேட்டு வந்தவள். அவளுக்கு இந்தப் பாடம் தேவைதான்.

அத்வைதத்தின் கயிற்றரவு இந்திய மெய்யியலில் மிகுதியாகப் புழங்கிய உவமைகளுள் ஒன்று. அரையிருளில் கயிறு பாம்பாகத் தெரிகிறது. விளக்கு வந்ததும் பாம்பு போய்விடுகிறது. பாம்பு எங்கும் போகவில்லை, இருந்ததே இல்லை. உலகம் பிரமத்தின்மேல் ஏற்றப்பட்ட தோற்றம் என்ற கடினமான கருத்து, கேட்பவருக்குத் தாமே பட்ட அனுபவமாகிவிடுகிறது. எதிர்த்தரப்பு கை வைத்ததும் அங்கேதான். முன்பு எங்கோ பாம்பைப் பார்த்தவனுக்குத்தானே கயிறு பாம்பாகும்? அப்படியானால் மெய்யான உலகம் ஒன்றை முன்பு எங்கே பார்த்தோம்? முன்னறிவு இருந்தால் போதும், அறியப்பட்டது மெய்யாக இருக்க வேண்டியதில்லை என்று அத்வைதிகள் விடை சொன்னார்கள். விடை எதுவானாலும், வாதம் உவமைக்குள்ளேயே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒப்புமை ஒருபுடையானது என்ற விதியை உரையாசிரியர்கள் அடிக்கடி நினைவூட்டுவதும் இதனால்தான். முகம் நிலவு போன்றது என்றால் முகத்தில் களங்கம் தேடக் கூடாது. இறைவனிடம் உயிர் அடைக்கலம் புகுவதைச் சொல்ல வைணவத்தில் வரும் வடகலையாரின் குரங்குக்குட்டியும் தென்கலையாரின் பூனைக்குட்டியும் இந்த விதிக்குள் நிற்பவை. பற்றிக்கொள்வது யார், குட்டியா தாயா என்ற ஒரு புள்ளிக்கு மேல் அவற்றை இழுப்பதற்கில்லை.

எல்லை கட்டும் வேலையை மிகக் கவனமாகச் செய்தவர்கள் சைவ சித்தாந்திகள். உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தின் பாயிரத்தில் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்லப் புகுந்து, முதலில் மூன்று உவமைகளைத் தள்ளுகிறார். பொன்னும் அணியும் போல ஒன்று என்பதில்லை. அப்படியானால் உயிரின் அறியாமை இறைவனையும் சேரும். இருளும் ஒளியும் போல வேறு என்பதில்லை. அவை ஓரிடத்தில் நில்லா. சொல்லும் பொருளும் போல ஒருவகையில் ஒன்று, ஒருவகையில் வேறு என்பதும் இல்லை. தள்ளிய ஒவ்வோர் உவமைக்குப் பின்னாலும் ஒரு கொள்கை நிற்கிறது. பெயர் சொல்லாமலே அதற்கு மறுப்பு முடிந்துவிடுகிறது. பிறகு உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், கண்ணொளியும் உயிரின் அறிவும் என்று வேறு மூன்றை ஏற்கிறார். கலப்பால் ஒன்றாதலுக்கு முதலாவது, பொருளால் வேறாதலுக்கு இரண்டாவது, உடனாதலுக்கு மூன்றாவது. ஒரே உவமைமேல் முழுச் சுமையையும் ஏற்றினால் அது ஒடியும் என்பது தெரிந்த ஆசிரியரின் ஏற்பாடு இது.

எதிரியின் உவமையை எடுத்து அவனுக்கே திருப்புவதில் அருணந்தி சிவாசாரியாரை விஞ்சுவது கடினம். செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவ மலம் என்பது சித்தாந்தத்தின் சொந்த உவமை. அதை நீட்டி, இரசகுளிகை பட்ட செம்பு களிம்பு நீங்கிப் பொன்னோடு பொன்னாவது போல மலம் நீங்கிய உயிரும் சிவமாகிவிடும் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. சிவஞானசித்தியார் சுபக்கத்தில் அருணந்தி செம்பையும் களிம்பையும் அப்படியே விட்டுவிட்டு, சிவனுக்குரிய இடத்தை மட்டும் மாற்றுகிறார். சிவன் அந்தப் பொன் அல்லன்; களிம்பை அறுத்த குளிகை. குளிகை செம்பைப் பொன்னாக்கும், தான் பொன்னாவதில்லை. ஆகவே முத்தி பெற்ற உயிர் திருவடியின்கீழ் இருக்கும். ஐந்தொழில் சிவனுடையதாகவே இருக்கும்.