வயிற்று நோயும் வரவு செலவும்

வயிற்றுவலி என்றால் நம் வீடுகளில் முதலில் ஓமத்திண்ணீர், அடுத்துச் சோடா, அதற்கும் கேட்காவிடில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. அதன் பிறகே மருத்துவர், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று செலவு ஏறுகிறது. அப்போது எழுவது மருத்துவக் கேள்வி மட்டுமன்று; அறக்கேள்வியும் ஆகும். நலம் பெறுவதற்காக எவ்வளவு செலவிட நாம் கடமைப்பட்டுள்ளோம்? எந்த எல்லையில் 'போதும்' எனலாம்?

திருச்சபைக்கு இக்கேள்வி புதியதன்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ விற்றோரியா, உணவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்ந்தார். பிழைக்கும் நம்பிக்கையுள்ள நோயாளி, இயன்றவரை உண்ணக் கடமைப்பட்டவர். ஆனால், உண்பதே வதையாகும்போது அக்கடமை தளர்கிறது. விலையுயர்ந்த உணவைத் தேடவோ, சொத்து முழுவதையும் மருந்துக்கு ஈடாகக் கொடுக்கவோ எவருக்கும் கட்டாயமில்லை என்றார். 1957-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் இதே நெறியை எடுத்துரைத்தார். 1980-இல் உரோமை வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையின் இடரையும் செலவையும், எதிர்பார்க்கும் பயனோடும் நோயாளியின் உடல், மன வலிமையோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது.

காந்திகிராமத்தின் அருகில் வாழும் நமக்கு வேறொரு சான்றும் உண்டு. 1918-இல் காந்தியடிகள் கடுமையான வயிற்றுக்கடுப்பால் நலிவுற்றார். பால் அருந்துவதில்லை என்ற நோன்பு ஒருபுறம். தேறாத உடல் மறுபுறம். 1919-இன் தொடக்கத்தில் மருத்துவர் தலால் பாலை வற்புறுத்தியபோது, ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று வழி சொன்னவர் கஸ்தூரிபா. காந்தியடிகள் இணங்கினார், நோன்பின் சொல்லைக் காத்து அதன் உட்பொருளை இழந்ததாக வருந்தவும் செய்தார். 1909-இல் மருத்துவமனைகளைக் கடுமையாகச் சாடியவர், 1924-இல் புனேயில் குடல்வால் அறுவை சிகிச்சைக்கு உடன்பட்டார். மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில் கஸ்தூரிபாவின் பெயரால் ஒரு மருத்துவமனையே இயங்கி வருகிறது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எடை போட்டவரும் வலியைத் தாங்கியவரும் ஒருவரே. நம் இல்லங்களில் அவ்வாறில்லை. மகனுக்கு வலி என்றால் நகையை அடகு வைக்கிறோம். பாட்டிக்கு வலி என்றால் 'வயசாச்சு, வாயுதான்' என்கிறோம். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்தை எண்ணி, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவரும் சொல்லிவிடுகிறார். இதனைத் தியாகம் எனப் போற்றுமுன் நாம் தயங்கவேண்டும். விற்றோரியா கூறிய விலக்கு நோயாளிக்கு உரியது, வீட்டாருக்கு உரியதன்று. உண்மையை அறிந்து, அச்சமின்றி, அவரே 'வேண்டாம்' என்றால்தான் அது அவருடைய முடிவு.

மலிவு எனத் தோன்றுவதும் சில நேரங்களில் மலிவன்று. வயிற்றுப்புண்களில் பலவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே காரணம் என்று கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ இரண்டு வார மருந்தில் பெரும்பாலோருக்குத் தீரக்கூடிய நோய்க்கு, ஆண்டுக்கணக்கில் அமில மாத்திரை விழுங்குவோர் எத்தனை பேர்! அதுபோலவே, கருமலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றைக் கண்டால் கணக்குப் பார்க்கும் வேளை அதுவன்று. மாறாக, சாதாரணச் செரியாமைக்கு எல்லாப் பரிசோதனைகளையும் செய்தே தீரவேண்டும் என்பதும் கடமையாகாது.

எனவே, வீட்டில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, 'எவ்வளவு ஆகும்?' என்பதற்கு முன், 'உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்போம். பயன் உண்டு, பணம்தான் இல்லை என்றால், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன. அவற்றுக்கும் மிஞ்சினால் வின்சென்ட் தே பவுல் சபையின் கதவைத் தட்டுவோம். ஒரு குடும்பத்தால் சுமக்க இயலாத செலவைப் பங்கு முழுவதும் சேர்ந்து சுமக்கலாமே.