வேறிடம் போய்க் குடியிருங்கள்

தேருக்கும் வாகனத்துக்கும் மரம் இழைக்கிற குடும்பம் எங்களுடையது. மரத்தை வெட்டுவதற்கு முன் அதனிடம் கேட்க வேண்டும் என்பதை உளி பிடிக்கக் கற்றுத்தருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அப்பா வாய்மொழியாகச் சொன்னதைப் பிற்பாடு வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையிலும் பார்த்தேன். 6ஆம் நூற்றாண்டு நூல். தெய்வ உருவம் செய்ய மரம் தேடிக் காட்டுக்குள் போகிறவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கே அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதலில் மரத்துக்குப் படையல் வைத்து, இன்ன தெய்வத்துக்காக உன்னை எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். பிறகு அதில் வசிக்கும் பூதங்களிடம் விண்ணப்பம்: படையலை ஏற்றுக்கொண்டு, எங்களைப் பொறுத்து, வேறிடம் போய்க் குடியிருங்கள். விடிந்ததும் மரத்துக்கு நீர் ஊற்றி, தேனும் நெய்யும் பூசிய கோடாலியால் வடகிழக்கில் முதல் வெட்டு.

என் மகன் கணினியில் படம் போட்டு மெஷினில் யாளி செதுக்குகிறவன். "ஏம்ப்பா, மாட்டேன்னு மரம் சொல்லாதுன்னு தெரிஞ்சுதானே கேக்குறீங்க?" என்றான். சாஸ்திரத்தில் அதற்கும் இடமிருக்கிறது, கிழக்கு, வடக்கு, வடகிழக்கில் சாய்ந்தால் நல்லது, மற்றப் பக்கம் விழுந்தால் கேடு என்றேன். "கயிறு கட்டி இழுத்தா எந்தப் பக்கமும் விழும்" என்றான். தொழில் தெரிந்தவன், மறுக்க முடியவில்லை.

மறுக்க வழியில்லாத ஒன்றிடம் வாங்கும் சம்மதம் சம்மதமாகுமா? ஆகாது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அந்த அத்தியாயத்தில் வேண்டுதலுக்கு முன்னால் ஒரு பட்டியல் வருகிறது, எதையெல்லாம் தொடக்கூடாது என்று. சுடுகாட்டு மரம், பாதையோர மரம், கோயில் மரம், புற்றுள்ள மரம், ஆறுகள் கூடுமிடத்து மரம், கொடி சுற்றி நெரித்த மரம், இடி விழுந்தது, யானை முறித்தது, தேன்கூடு கட்டியது, குடத்து நீர் ஊற்றி வளர்த்தது. இத்தனையும் கழித்துவிட்டால் நாளெல்லாம் அலைந்தாலும் ஒன்றிரண்டுதான் தேறும். மரம் பேசாது என்பதால் வெட்டுகிறவனின் கையைக் கட்டியிருக்கிறார்கள்.

உடனே, நம் முன்னோர்கள் அன்றே சுற்றுச்சூழல் அறிந்தவர்கள் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அக்னியின் பசிக்காகக் காண்டவ வனத்தை முழுதாகக் கொளுத்தி, தப்பி ஓடிய உயிர்களைக் கண்ணன் சக்கரத்தாலும் அர்ச்சுனன் அம்பாலும் கொன்றதும் இதே மரபின் கதைதான். எங்கள் குலமுதல்வர்களில் ஒருவன் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மயன், அந்தத் தீயிலிருந்து பிழைத்த ஒருசிலரில் ஒருவன். உயிர்ப்பிச்சைக்கு நன்றியாகத்தான் பாண்டவருக்குச் சபை கட்டிக்கொடுத்தான். பாரதம் கேட்கிற ஜனம் சபையின் அழகில் மயங்கி, அது எப்படி வந்தது என்பதை விட்டுவிடுகிறது.

மகன் கேட்டதைவிட என்னை அதிகம் குடைவது வேண்டுதலின் கடைசிப் பகுதி. வேறிடம் போய்க் குடியிருங்கள். வராகமிகிரர் காலத்தில் அப்படிச் சொல்ல முடிந்தது. பக்கத்திலேயே இன்னொரு மரம் நின்றது. இன்று சொல்கிறவன் கையை நீட்டி எங்கே காட்டுவான்?

பூதத்தை நம்பாதவர்கள் இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் பெட்டை நுழைந்து, வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி, அலகு நுழையும் அளவு பிளவு மட்டும் விட்டு முட்டையிடும். சேவல் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியே ஊட்டும். ஆளே உட்காரும் அளவுக்குப் பருத்த மரத்தில்தான் அப்படிப் பொந்து விழும். இருபது வயதுத் தேக்கில் விழாது. அந்தப் பெரிய மரம் போனால் பறவை போகும், பறவை எச்சத்தோடு போட்டுச் செல்லும் விதைகளும் போகும், சரிவில் மண்ணைப் பிடித்திருந்த வேரும் போகும். பிறகு மழை வரும்.

1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் அந்த மழை வந்தது. நக்கோன் சி தம்மராட் மாகாணத்தில், காட்டை அழித்து ரப்பர் வைத்திருந்த மலைச்சரிவுகள் பெயர்ந்து, சேறும் மரக்கட்டைகளுமாக ஊர்கள் மேல் இறங்கின. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1989 ஜனவரியில் அந்நாட்டு அரசு இயற்கைக் காடுகளில் வணிகத்துக்கு மரம் வெட்டத் தடை போட்டது. நல்ல காரியம்தான். ஆனால் தாய்லாந்து மர வியாபாரிகள் எல்லை தாண்டிப் பர்மாவில் குத்தகை எடுத்துக்கொண்டார்கள். பூதங்களுக்குச் சொன்ன 'வேறிடம்' கோடாலிக்குத்தான் கிடைத்தது. அதே காலத்தில் தாய்லாந்தில் சில புத்த பிக்குகள் பெரிய மரங்களுக்குக் காவித்துணி சுற்றித் துறவறம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சடங்குக்கு நேர் எதிரானது அது. நாங்கள் மரத்தில் இருப்பதைப் போகச் சொல்கிறோம், அவர்கள் மரத்தையே இருக்கச் சொன்னார்கள். எனக்கு அது உயர்ந்ததாகத் தோன்றுகிறது, என் பிழைப்புக்கு விரோதமாக இருந்தாலும்.

பர்மாவும் 2014 ஏப்ரலில் உருட்டுமரம் ஏற்றுமதியை நிறுத்தியது. இப்போது தூத்துக்குடி மர வாடிகளில் கிடப்பது கானா, தான்சானியா, ஈக்வடார் தேக்கு. போன தேர்த் திருப்பணிக்கு நானும் அதில்தான் வாங்கினேன். கட்டையின் முகத்தில் நீலப் பெயின்ட்டில் எண், ஓரத்தில் ஆணியடித்த தகரச் சீட்டு. நெருங்கிப் பார்த்தால் வளையங்களுக்கு நடுவே விரலே வைக்கலாம். தண்ணீரும் வெயிலும் கொடுத்து அவசரமாக வளர்த்த தோட்ட மரம். சுற்றிலும் வெளிறு, நடுவில் கொஞ்சம் வைரம். பழைய தேரிலிருந்து கழற்றிய பர்மாத் தேக்கில் நகம் நுழைக்கவும் இடம் இருக்காது. குருக்கள் அந்தக் கானா மரத்துக்கு மாலை போட்டு விருட்ச பூஜை செய்தார். மந்திரம் முழுதும் சொன்னார். கப்பலேறி வந்த கட்டையிலிருந்து யாரை எங்கே போகச் சொல்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன், ஊர்ப் பெரியவர்கள் நின்றிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

சர்க்காருக்கும் ஒரு விருட்ச பூஜை உண்டு. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டை வேறு காரியத்துக்கு எடுக்க மத்திய அரசிடம் கேட்க வேண்டும், ஈடாக வேறிடத்தில் மரம் வளர்க்க வேண்டும். கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் கட்ட 130.75 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்க ஒப்புதல் தந்தார்கள். போகப்போகும் மரங்கள் 9.64 லட்சம் வரை இருக்கலாம் என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. ஈட்டுக் காடு ஹரியானாவில் வளரும் என்றார்கள். நடுவில் கடல், 2,500 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். அந்தத் தீவுக் காட்டில் ஷொம்பென் மக்கள் இருக்கிறார்கள், கரையில் பேராமைகள் முட்டையிட வருகின்றன. இவர்களிடமும் வேறிடம் போகச் சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது. சாஸ்திரமாவது பூதங்களை வணங்கிவிட்டுச் சொன்னது.

இதையெல்லாம் பேசிப் பேசி, எங்கள் ஊர்க் கோயில் நிலத்தில் இலுப்பை வைப்பது என்று முடிவானது. தேர் அச்சுக்கும் சக்கரத்துக்கும் இலுப்பைதான் வாகு. எண்ணெய் கோயில் விளக்குக்கு, பூ வௌவாலுக்கு. இப்போது மரமே அருகிவிட்டது, திருவாரூர் ஆழித்தேர் தொடங்கி எத்தனையோ தேர்களுக்கு இரும்புச் சக்கரம். நட்ட கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன. இந்த வருஷம் மழை பொய்த்ததால், தெருப் பெண்கள் முறை வைத்துக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். ஒருநாள் பார்த்துவிட்டு, இனி இவற்றை ஒருகாலமும் தேருக்கு வெட்ட முடியாது, குடத்து நீர் குடித்த மரம் பட்டியலில் இருக்கிறது என்றேன். குருக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் எதற்கு வைத்தோம் என்றார். டேங்கரிலிருந்து ட்யூப் போட்டு விட்டால் அது குடமாகாது என்றும் ஒரு வழி கண்டுபிடித்தார். ட்யூப் கணக்கில் சேராது என்று எந்தச் சுலோகத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன். தேடிக்கொண்டிருக்கிறார். பெண்கள் குடத்தோடு போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.