கணக்கில் எழுதாத செலவு

சிக்கனம் எது, கருமித்தனம் எது என்பதை உள்ளூரில் இருப்பவன் விஷயத்தில் எளிதாகச் சொல்லிவிடலாம். தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் வேண்டியதைச் செய்துவிட்டு மிச்சம் பிடிப்பவன் சிக்கனக்காரன். வேண்டியதையே செய்யாமல் மிச்சம் பிடிப்பவன் கருமி. ஆனால் பிழைப்புக்காகக் கடல் கடந்து போய்ச் சில ஆண்டுகள் தங்கப் போகிறவனை இந்த அளவுகோலால் அளக்க முடிவதில்லை. அவன் தன் வாயையும் வயிற்றையும் கட்டி மற்றவர்களுக்கு அனுப்புகிறான். அவனைக் கருமி என்று யார் சொல்வார்கள்? தியாகி என்றுதான் சொல்லுவோம். அந்தத் தியாகத்துக்கு எல்லை உண்டா, இல்லையா? எவ்வளவு தூரம் அதை ஒருவனிடம் எதிர்பார்ப்பது நியாயம்?

எங்கள் புதுக்கோட்டைச் சீமைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, பொன்னமராவதி என்று இங்குள்ள நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். 'கொண்டுவிற்கப் போதல்' என்று அதற்குப் பெயர். முதலாளியின் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகும் மேலாளுக்கு மூன்று ஆண்டுத் தவணை. மூன்று ஆண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் பேசி முடித்துவிடுவார்கள். அதில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். போன இடத்தில் சாப்பாடும் தங்குமிடமும் கடைச் செலவு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு கணக்குப் பெட்டி. பகலில் அதன் முன் உட்கார்ந்து தொழில், இரவில் அங்கேயே படுக்கை. தவணை முடிந்ததும் அடுத்த மேலாள் வந்து கணக்கை ஒப்புக்கொள்வார். இவர் ஊர் திரும்புவார்.

இந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்வது மூன்று விஷயங்கள். வீட்டுக்கு எவ்வளவு என்பது புறப்படும் முன்பே முடிவாகிவிடுகிறது. போகிறவனுடைய சோற்றுக்கும் படுக்கைக்கும் கணக்கில் இடம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, திரும்பும் நாள் தெரிந்திருக்கிறது.

குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. பேரேட்டில் ஒவ்வொரு காசும் ஏறிற்று. ஐந்தொகை பைசாப் பிசகாமல் நின்றது. ஆனால் முற்றமும் பட்டாலையும் உள்ள பெரிய வீட்டில் தனியாக இருந்த ஆச்சியின் மூன்று ஆண்டுகளை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்? தகப்பனை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னே ஒளிந்துகொண்ட குழந்தையின் பெயரில் எந்தப் பற்று வைத்தார்கள்? கணக்கில் கெட்டிக்காரர்களான அவர்களுக்கே எழுதத் தெரியாத செலவு அது. ஆயினும் மூன்று ஆண்டு என்று ஒரு வரம்பாவது கட்டினார்கள்.

அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுமுன் என்னைப் பார்க்க வந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். போவதற்காக வாங்கிய கடன், அதற்கு மாத வட்டி, மீட்க வேண்டிய தாயாரின் நகை, தங்கையின் கல்யாணம், கூரையை எடுத்துவிட்டுக் கட்ட வேண்டிய ஒட்டு வீடு. எனக்கு மதிப்பு ஏற்பட்டது.

"தம்பி, உங்கள் சாப்பாட்டுச் செலவு எங்கே?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னங்கய்யா, இருக்கிறதைச் சாப்பிட்டுக்கிருவேன்" என்றார்.

"எப்போது திரும்புவீர்கள்?"

"எல்லாம் முடியட்டும், வந்துருவேன்."

நல்ல மனத்திலிருந்து வந்த பதில்கள். ஆனாலும் எனக்குக் கவலை தந்தவை இவைதான். எல்லாம் எப்போது முடியும்? தங்கை கல்யாணம் முடிந்தால் சீர்வரிசை இருக்கிறது. ஒட்டு வீடு முடிந்தால் அடுத்த வீட்டுக்காரன் மாடி எடுக்கிறான். தேவைக்குத் தொகை உண்டு. ஆசைக்குத் தொகை கிடையாது. தொகை எழுதாத கணக்கு முடிவதே இல்லை. அந்தக் கணக்கில் தினந்தோறும் செலவாகிக்கொண்டிருப்பது மனிதனுடைய வயது.

இங்கே கும்பகோணத்து ராமானுஜனை நினைத்துக்கொள்கிறேன். 1914-ல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுன். அதில் 50 பவுனை வீட்டுக்கென்று ஒதுக்கி, மாதாமாதம் ஊரில் கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். ஐந்தில் ஒரு பங்கு வீட்டுக்கு. மீதி அவருடைய வாழ்வுக்கும் படிப்புக்கும். பின்னர், நோயாளியாக இங்கிலாந்தில் இருந்தபோது, பல்கலைக்கழகம் 250 பவுன் ஆண்டுதோறும் தர முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் எழுதிய பதில் வியப்புக்குரியது. ஊர் திரும்பிய பின் தமக்குக் கிடைக்கக்கூடிய பணம் தம் தேவைக்கு மிக அதிகம். பெற்றோருக்கு 50 பவுனும் தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின், அநாதைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் செலவிடலாம் என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், 32 வயதில், அவர் காலமானார்.

அவரும் வறுமையில் வளர்ந்தவர். ஆசைப்படக் காரணம் இல்லாதவர் அல்ல. ஆனால் தமக்கு எவ்வளவு போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் மிச்சம் என்ற ஒன்று அவர் கண்ணுக்குப் பட்டது. போதும் என்ற தொகையை எழுதாதவனுக்கு எத்தனை லட்சம் வந்தாலும் மிச்சம் இருக்காது, குறைதான் இருக்கும்.

"பசித்தவன் வீட்டில் வந்து உபதேசம் செய்கிறீரே! அண்ணன் வயிற்றைக் கட்டாமல் தங்கைக்கு எப்படிக் கல்யாணம் ஆகும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வயிற்றைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுவதை ஒளிக்க வேண்டாம் என்கிறேன். அங்கே அவன் இரவுச் சாப்பாட்டைக் குறைத்து அனுப்பும் பணம் இங்கே வந்து சேரும்போது வெறும் பணமாகத்தான் வருகிறது. அது எந்தச் சாப்பாட்டிலிருந்து வந்தது என்று நோட்டில் எழுதியிருக்காது. ஆகவே வீட்டில் இருப்பவர்கள் அதை மழைத் தண்ணீர்போல் எண்ணிச் செலவு செய்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, தெரியாதவர்கள். தெரியாதபடி வைத்தவன் அவன். "நான் சௌக்கியமாக இருக்கிறேன்" என்று தொலைபேசியில் அவன் சொல்லும் பொய், அன்பினால் சொன்ன பொய்தான். ஆனால் அந்தப் பொய்யே அவனை மேலும் இரண்டு ஆண்டு அங்கே நிறுத்திவிடுகிறது. பிறருக்குத் தெரிந்து செய்யும் தியாகத்துக்கு அவர்களும் துணை நிற்பார்கள். ஒளித்துச் செய்யும் தியாகத்தை, தங்களை அறியாமலே, அவர்கள் தின்றுவிடுவார்கள்.

குவிப்பதற்கும் ஒரு வார்த்தை. 1930-க்குப் பின் வந்த விலை வீழ்ச்சியில் பர்மா விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, வயல்கள் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் பெயரில் நின்றது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தது. பின்னர் நாடு விடுதலை பெற்றதும் நில உடைமைச் சட்டம் வந்தது. நிலம் போயிற்று. நிலம் இழந்த பர்மிய உழவனின் கண்ணீரையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அயல் மண்ணில் சேர்வது எல்லாம் நம்முடையது என்று நினைப்பது நீதியும் அல்ல, புத்திசாலித்தனமும் அல்ல.

அந்த இளைஞரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். நோட்டின் முதல் பக்கத்தில் திரும்பும் ஆண்டையும் மாதத்தையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் உங்கள் சாப்பாடு, மருந்து, ஊருக்கு வந்து போகும் செலவு, இவற்றை எழுதுங்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு அனுப்புவதை எழுதுங்கள். எழுதிய நோட்டைத் தாயாருக்கும் தங்கைக்கும் முன்னால் வைத்து உரக்கப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். தேதி தள்ளிப் போனால் அதையும் அவர்களுக்குச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு தள்ளுங்கள்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். தாயாரின் முன்னால் தம் சோற்றுக்குக் கணக்குப் படிப்பது சுயநலம்போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மகன் உண்ண எடுத்து வைத்த பணத்தைச் சுயநலம் என்று நினைக்கும் தாயை நான் இதுவரை கண்டதில்லை. அவளிடம் சொல்லாமல் விடுவதுதான் அவளுக்குச் செய்யும் அநீதி.