எரிமலை நகரும் எழில் தீவும்

இத்தாலி நாட்டின் தென்பகுதியில் இரண்டு நாட்கள் நடந்து சுற்றிவர எண்ணிய அன்பரொருவர், தம் பிரயாணத் திட்டத்தை என்னிடம் காட்டினார். முதல் நாள் பொம்பெயி என்னும் பாழடைந்த பழம்பதி. மறுநாள் காப்ரி என்னும் எழில் தீவு. "பொம்பெயியைக் கண்டால் உள்ளம் கனத்துவிடும். தீவையும் கடலையும் கண்டால் அக்கனம் நீங்கிவிடும். ஆகவேதான் இவ்வரிசை" என்றார் அவர். நேரக்கணக்கு பற்றிய பேச்சாக இது தோன்றினும், உண்மையில் இஃது ஓர் அறக்கேள்வியாகும். பிறர் துக்கத்தைக் கண்டு வருந்துவதும், மறுநாளே அவ்வருத்தத்தைக் கழுவிக் கொள்வதும் முறையாகுமா?

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயியைச் சாம்பலில் புதைத்தது. 1748-இல் அகழ்வு தொடங்கியது. ஏறத்தாழ 66 ஹெக்டேர் பரப்புள்ள அந்நகரின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்களும், தெருவைக் கடப்பதற்கு இட்ட கற்களும் இன்றும் நம் காலடியில் தென்படுகின்றன. இறந்தோர் உடல் மக்கிப்போன வெற்றிடத்தில் சாந்தைக் குழைத்து ஊற்றி, அவர்கள் கிடந்த கோலத்தை வார்த்தெடுக்கும் முறையை 1863-இல் கையாண்டவர் ஜுசெப்பே பியோரெல்லி.

பொற்காப்பு வீடு எனப் பெயர்பெற்ற மனையில், குழந்தையொன்று ஒட்டிக்கிடக்க மாண்ட ஒருவரின் வார்ப்பு கிடைத்தது. தாயும் சேயும் என்றே நெடுங்காலம் எல்லோரும் எண்ணி இரங்கினர். 2024-இல் வெளியான மரபணு ஆய்வோ அவர் ஆண் என்றும், அக்குழந்தைக்கு இரத்த உறவினர் அல்லர் என்றும் காட்டியது. மக்கள் கொண்ட இரக்கம் பொய்யன்று. ஆனால் அது தாமே புனைந்த கதையின்மீது பொழிந்த இரக்கம். உறவற்ற ஒருவரை ஒட்டி ஒரு குழந்தை கிடந்தது என்னும் மெய்ச்செய்தி, அக்கதையினும் ஆழ்ந்து எண்ணத்தக்கதன்றோ? உள்ளதை உள்ளவாறு காண்பதே இரக்கத்திற்கு முதற்படி.

பொம்பெயியைக் கண்டு திரும்புவோர் பலர், "எல்லாம் அநித்தியம்" என்று பெருமூச்சு விடுவர். அச்சொல் மெய்யே. ஆயினும் அதனையே ஒரு திரையாக்கிவிடலாகாது. நகருக்கு வெளியே சிவிதா ஜூலியானா என்னுமிடத்தில் 2021-இல் ஓர் அறை வெளிப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 16 சதுர மீட்டர், மூன்று கட்டில்கள், உயரத்தில் ஒரு சிறு சாளரம். அடிமைகள் படுத்துறங்கிய இடம் அது. 2023-இல் நகருக்குள்ளேயே ஓர் அடுமனை வெளிப்பட்டது. வெளியுலகைக் காண வழியின்றி, கம்பியிட்ட சிறு சாளரங்களுக்குள் மனிதரும் கழுதைகளும் அடைபட்டுத் தானியம் அரைத்த இடம் அது. சுற்றிச்சுற்றி வரும் கால்கள் வழுக்காமலும் விலகாமலும் இருக்கத் தரைக்கல்லில் குழிகள் வெட்டியிருந்தனர்.

எரிமலைக்கு அறமில்லை, அது ஆண்டானையும் அடிமையையும் ஒருங்கே புதைத்தது. சாளரத்திற்குக் கம்பியிட்டதோ மனிதன் கை. முன்னது இயற்கையால் வந்த துக்கம். பின்னது மனிதன் மனிதனுக்கு இழைத்த துக்கம். வெசுவியஸ் வெடியாதிருந்தாலும் அந்த அடுமனையில் துக்கம் இருந்தேயிருக்கும். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது நற்காட்சி ஆகாது.

இனித் தீவுக்கு வருவோம். பொம்பெயியிலிருந்து சொரெண்டோவரை புகைவண்டியிலும், பின்னர்ப் படகிலும் சென்றால் காப்ரியை அடையலாம். ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு அது. அதன் உச்சியாகிய சொலாரோ மலையின் உயரம் 589 மீட்டர். கிழக்கு முனைக் குன்றின்மேல், கி.பி. 27 முதல் இத்தீவில் வாழ்ந்த ரோமப் பேரரசன் திபேரியஸின் மாளிகை இடிந்து நிற்கிறது. மழைநீரைத் தேக்கிய பெருந்தொட்டிகளை அங்கே இன்றும் காணலாம். அவன் பெயரை உலகம் அறியும். அத்தொட்டிகளுக்குக் கல் சுமந்தோர் பெயரை யார் அறிவார்?

துறையிலிருந்து மேலூராகிய ஆனாகாப்ரிக்கு 921 கற்படிகள் ஏறுகின்றன. 1870-களில் வண்டிப்பாதை அமையும்வரை இரண்டு ஊர்களையும் இணைத்த வழி அதுவே. பெண்கள் தலைச்சுமையோடு அப்படிகளில் ஏறினர். நமக்கு ஒருநாள் உலாவாகும் வழி, அவர்களுக்கு அன்றாடப் பாரமாக இருந்தது. ஆகவே நகரில் துக்கம், தீவில் இன்பம் என்று நாம் பங்கிட்டுக் கொள்வது நம் மனத்தின் வேலையேயன்றி இடத்தின் இயல்பன்று.

அங்ஙனமாயின் அழகைக் கண்டு மகிழ்வதே குற்றமா என்று கேட்கலாம். அன்று. கடலின் நீலம் எவரிடமிருந்தும் பறிக்கப்பட்டதன்று. அதனைக் கண்டு உவப்பதால் எவருக்கும் தீங்கில்லை. மறப்பதற்காக அவ்வுவகையை மருந்தாக்கிக் கொள்வதே தவறு. திரிகை சுற்றியவனும் நாள்முழுதும் நடந்தான். எங்கும் போய்ச் சேரவில்லை. விரும்பிய திசையில் நடக்கவும், களைத்தபோது அமரவும் ஒருவனுக்கு இயலுமாயின், அதன் அருமையை அவன் அறிந்து நடத்தல் வேண்டும்.

அன்பரிடம் நான் கூறியது இதுவே: "வரிசையை மாற்ற வேண்டா, அதற்குச் சொன்ன காரணத்தை மாற்றுங்கள். 2024 நவம்பரில் பொம்பெயிக்கு நாளொன்றுக்கு 20,000 பேர் என வரம்பிட்டார்கள். ஆகவே முன்னதாகவே சீட்டுப் பெற்றுக் காலையிலேயே செல்லுங்கள். தெருவோரத்து அடுமனைகளில் திரிகைக் கற்கள் நிற்கும். அவற்றருகே சற்றே நில்லுங்கள். மறுநாள் தீவில் அந்த 921 படிகளையும் நடந்தே ஏறுங்கள். உங்கள் மூட்டையை நீங்களே சுமந்து செல்லுங்கள். மேலேறியபின் கடலை நன்றாகப் பாருங்கள், மகிழுங்கள்."