எளிமை நீதிபதிக்கு அணியா, கடமையா?

பதவிக்குரிய ஆடம்பரங்களைத் துறப்பது தனியொருவரின் விருப்பமா, அன்றி அப்பதவியின் கடமையே ஆகுமா? சென்னை உயர் நீதிமன்றத்தில் 2006 முதல் 2013 வரை நீதிபதியாக விளங்கிய திரு. கே. சந்துரு அவர்களின் வாழ்வு இவ்வினாவுக்கு விடைகாண உதவும்.

திருவரங்கத்தில் 1951-இல் பிறந்த அவர், தொழிலாளர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் வாதாடிய வழக்கறிஞர். போலீஸ் காவலில் கணவனை இழந்த பழங்குடிப் பெண்ணுக்காக அவர் நடத்திய வழக்கைத் தழுவியே 2021-இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வெளிவந்தது. நீதிபதியான பின், தம்மை ‘மை லார்ட்’ என விளிக்க வேண்டா என்றார். முன்செல்லும் டவாலியையும், காரின் சிவப்பு விளக்கையும், துப்பாக்கிக் காவலரையும் தவிர்த்தார். பதவியேற்றபோதும் ஓய்வுபெற்றபோதும் தம் சொத்து விவரத்தை அளித்தார். பிரிவுபசார விழாவை மறுத்து, அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு, மின்சார ரயிலில் வீடு திரும்பினார்.

இதனால் நீதிமன்றத்தின் மாட்சி குன்றாதோ என வினவுவோர் உளர். அவர்தம் கூற்றும் புறந்தள்ளத் தக்கதன்று. சட்டத்தின்பால் மதிப்பின்றேல் தீர்ப்புக்கு யார் பணிவர்? ஆயினும், மதிப்பு சட்டத்திற்குரியதே அன்றி ஆளுக்குரியதன்று. எங்கள் பேளுக்குறிச்சிச் சந்தையில் கொல்லிமலை மிளகு வாங்குவோர், தராசு பித்தளையா இரும்பா எனப் பார்ப்பதில்லை. வெறுந்தட்டுகள் சமனாய் நிற்கின்றனவா என்றே பார்ப்பர். வள்ளுவரும் நடுவு நிலைமைக்குத் தராசையே உவமையாக்கினார். சொத்துக் கணக்கை முதலிலும் முடிவிலும் காட்டுதல், வெறுந்தட்டைக் காட்டுதல் போன்றதே.

எளிமையும் செருக்காக மாறக்கூடும் என்பதை மறத்தலாகாது. ஆகலின், அதன் உரைகல் தீர்ப்புகளே. உசிலம்பட்டிப் பகுதிக் கோயிலொன்றில் பெண் பூசை செய்யத் தடையில்லை என்றும், இடுகாட்டில் சாதி வேறுபாடு கூடாதென்றும், சத்துணவு மையப் பணியில் இட ஒதுக்கீடு வேண்டுமென்றும் அவர் தீர்ப்பளித்தார். அச்சமின்றி எளியோர் அணுகத்தக்க நீதிபதிக்கே எளியோரின் குறை செவ்வனே கேட்கும். எனவே எளிமை அணியன்று, கடமையே.

மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகப் போற்றும் நம் குடும்பங்களிலும் பெரியோர் நீதிபதிகளே. மகனுக்கும் மகளுக்கும், மூத்தவனுக்கும் இளையவனுக்கும் பங்கு பிரிக்க அமருமுன், தம் பற்றை இறக்கிவைத்துத் தட்டுகளைச் சமனாக்கிக் காட்டுவாராயின், அத்தீர்ப்பை ஏற்க எவரும் தயங்கார்.